நாலாம் நம்பர் தட்டு

நாலாம் நம்பர் தட்டு ஐம்பத்து மூன்றாம் நாள் காலையில் தடுமாறத் தொடங்கியது.

ஜெபசெல்வி அதைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டாள். பாளையங்கோட்டைக்கு வெளியே, நான்குவழிச் சாலையை ஒட்டி நிற்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் மூளை உருண்டைகளை வளர்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு உருண்டையும் ஒரு கொத்தமல்லி விதை அளவு. யாரோ ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த உயிரணுக்களை மூளை உயிரணுக்களாக மாற்றி உருட்டியெடுத்தது. தட்டுக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் ஓடும். உருண்டைக்குள் உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் போதெல்லாம் கணினியின் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். நல்ல உருண்டை என்றால் தகரக் கூரையில் மழை பிடித்தது போலச் சீராகக் கேட்கும். நாலாம் நம்பர் அன்று இரண்டு சொட்டு விழுந்து, நின்று, மூன்றாவதை மறந்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது.

அந்தத் தடுமாற்றம் அவளுக்குப் பழக்கமானதுதான். நோயாளிகளின் தட்டுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் நாலாம் நம்பர் நோயாளியின் தட்டு இல்லை. அவள் தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, இதென்ன இப்படித் திக்குது?" என்று கேட்டுக்கொண்டே நிலோபர் வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், முனைவர் பட்டம் முடித்த கையோடு இங்கே சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"நாலாம் நம்பர்."

"அது கண்ட்ரோல் ஆச்சே? நல்லாருக்கிற ஆளோட ரத்தம்தானே?"

"ஆமா."

நிலோபர் திரையை உற்றுப் பார்த்தாள். தட்டில் எட்டு உருண்டைகள். எட்டும் ஒன்றுபோலத் திக்கிக்கொண்டிருந்தன. "ஒண்ணு கெட்டுச்சுன்னா கைபட்டது, உருண்டை மிதக்குற மீடியம் சரியில்லைன்னு சொல்லலாம். எட்டும் ஒரே நாள்ல கெட்டா எப்படிக்கா? இன்னைக்கு அவசரம் போட்டு எத்தனாவது நாள்?"

"அம்பத்து மூணு."

அவசரம் என்பது அவர்கள் வைத்த செல்லப் பெயர். குப்பியின் மேல் ஒட்டிய பெயர் கே-40. அது மருந்து இல்லை. எந்த நோயையும் குணமாக்காது, யார் உடம்புக்குள்ளும் போகாது. சுத்தியல், ஸ்பேனர் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் பயன்படும் ஒரு வேதிக் கருவி. உயிரணு தன் வயதைக் கட்டுப்படுத்தி வைக்கும் நொதி ஒன்றை அது பூட்டிப் போட்டுவிடும். பூட்டிவிட்டால் தட்டுக்குள் ஒரு நாள் என்பது ஒரு வருஷம். சிறுவயதிலேயே மறதி நோய் வரும் குடும்பங்கள் இருக்கின்றன, நாற்பதிலும் நாற்பத்தைந்திலும் பெற்ற பிள்ளையின் முகம் தெரியாமல் போகும் குடும்பங்கள். அந்த நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க நாற்பது வருஷம் யாரால் காத்திருக்க முடியும்? அதற்காகத்தான் அவசரம்.

"அப்ப இந்த ஆளுக்கு அம்பத்து மூணு வயசுல..." என்று நிலோபர் சொல்லி நிறுத்தினாள்.

"அப்படிச் சொல்லக்கூடாது."

"முப்பத்தொரு நோயாளியோட தட்டுல ஒண்ணுகூடத் தப்பலையேக்கா. வீட்டுக்காரங்க எந்த வயசுல வியாதி தொடங்குச்சுன்னு சொன்னாங்களோ, அந்த நாள்லதானே தட்டும் தடுமாறியிருக்கு. மிஞ்சிப் போனா ஒரு நாள் முன்னே பின்னே."

நிலோபருக்கு அது ஒரு நம்பர். ஜெபசெல்விக்கு அது ஒரு முகம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், இந்த ஆய்வு தொடங்கிய புதிதில், நோயில்லாதவர்களின் ரத்தம் ஆறு பேரிடம் தேவைப்பட்டது. வெளியே ஆள் தேடினால் விளக்கம் சொல்லியே மாளாது. ஆய்வுக்கூடங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மத்தியானம் கேண்டீனில் ஆறு நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து, ஆறு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். முதல் நாற்காலியில் இயக்குநர் பகீரதனே உட்கார்ந்தார். இரண்டாவதில் வேன் ஓட்டும் பால்துரை. மூன்றாவதில் ஜெபசெல்வி. நான்காவதில் பேச்சி. ஒன்றிலிருந்து ஆறு வரை ஸ்டிக்கர் எழுதி மேசையில் அடுக்கி வைத்தவளும் ஜெபசெல்விதான். பெயரும் நம்பரும் சேர்ந்த தாள் இயக்குநரின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. யாரும் பார்க்கக்கூடாது என்பது விதி. ஆனால் எழுதினவளின் மண்டையை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது?

அப்போது அவசரம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. கொடுத்த ரத்தம் ஒருநாள் ஜாதகமாகும் என்று யாருக்குத் தெரியும்? ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். மூன்றாம் நம்பர், அதாவது ஜெபசெல்வியினுடையது, இரண்டாவது வாரமே பூஞ்சை பிடித்துச் செத்துப்போயிற்று. ஐந்தே போதும் என்று விட்டுவிட்டார்கள். அவளும் அதை மறந்தே போயிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், கண்ட்ரோல் தட்டுகளை நாற்பதோடு நிறுத்தாமல் அறுபது நாள் வரை ஓட்டிக் காட்டும்படி ஆய்விதழ்க்காரர்கள் கேட்டபோதுதான் சட்டென்று நினைவு வந்தது. ஐந்து பேரின் காலம் இந்த இன்குபேட்டருக்குள் ஓடப் போகிறது, என்னுடையது ஓடாது என்று நினைத்தாள். அதில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி இருந்ததை அவள் தனக்குள் மறைக்கவில்லை.

இப்போது நாலாம் நம்பர் திக்குகிறது. பேச்சிக்கு வயது ஐம்பது.

முத்துப்பேச்சி கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பானையும் அவள் பொறுப்பு. ஆய்வுக்கூடத்தில் தேவையில்லாமல் போகும் தட்டு எதுவானாலும் சிவப்பு வாளியில் அவளிடம்தான் இறங்கும். அவள் வேக வைத்துக் கொன்ற பிறகுதான் குப்பைக்குப் போகும். பதினாறு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாக மத்தியானச் சோறு சாப்பிடுகிறார்கள்.

அது மட்டுமென்றால் ஜெபசெல்வி வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். போன ஆவணியில் பேச்சியின் தங்கச்சி பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தாள். தங்கச்சி புருஷன் ஏற்கெனவே இல்லை. ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்று, பெயர் சுடர், அந்தரத்தில் நின்றது. தூத்துக்குடியில் பெரியப்பா குடும்பம் வளர்க்கத் தயாராக இருந்தது. பேச்சியோ, பெறாத பிள்ளை வீடு தேடி வந்திருக்கிறது, விடமாட்டேன் என்று கோர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதன் பிறகு பெரியப்பா வீட்டார் தங்கள் பையனோடு சவூதிக்குக் கிளம்புகிறார்கள், திரும்பி வந்து கேட்டாலும் கிடைக்க மாட்டார்கள். மூன்று வருஷத்தில் பேச்சிக்கு மறதி தொடங்கினால் குழந்தைக்கு வயது ஒன்பது. யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

இயக்குநர் பகீரதன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாலாம் நம்பரை நீக்கிடுங்க. கண்ட்ரோல்னா சாதாரணமா இருக்கணும். சாதாரணமா இல்லாதது கண்ட்ரோல் இல்ல. மீதி நாலு போதும்."

"சார், அது ஒரு ஆள் சார்" என்றாள் நிலோபர். "இந்தக் கட்டடத்துல இருக்கிற ஆள்னு எல்லாரும் சொல்றாங்க."

"அதனாலதான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கே-40 ஒரு கருவிம்மா. நோய் இருக்கா இல்லையான்னு ஆளுக்குச் சொல்ற சோதனை இல்ல. அப்படிச் சொல்ல நமக்கு அனுமதியும் இல்ல, அவங்க சம்மதமும் இல்ல. சரி, சொல்றோம்னே வெச்சுக்குவோம். மருந்து இருக்கா? இல்ல. மருந்தே இல்லாத வியாதிக்குத் தேதியை மட்டும் கொடுத்தா அது வைத்தியமா, தண்டனையா?"

"அவங்க அதுக்குள்ள செய்ய வேண்டியது ஏதாவது இருந்தா?"

"எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாமத்தானே எல்லாரும் செய்றோம்?"

அவர் பேசியதில் தப்பு எதுவும் ஜெபசெல்விக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய ரத்தத்திலிருந்து வந்த முதல் நம்பர் தட்டு ஐம்பத்து மூன்றாம் நாளிலும் அடைமழை மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது அவள் காதில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தெரியாத தைரியத்தில் பேசுகிறார் என்று அவள் மனசு அநியாயமாகக் கோபப்பட்டது. "இன்னைக்கே சிவப்பு வாளியில போட்டுடுங்க ஜெபசெல்வி" என்றார். சரி சார் என்றாள். போடவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் குழாய் சொட்டினால் எண்ணினாள். கோயில் மணி இரண்டு அடித்து நின்றால் மூன்றாவதற்கு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ஜெபத்தில் முழங்காலிட்டால் வார்த்தை வரவில்லை, டப் டப் என்றுதான் வந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். அணைத்த பிறகு இன்னும் நன்றாகக் கேட்டது.

பேச்சியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கத் தொடங்கினாள். நோய் முன்னமே எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ளத் துடித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானச் சோற்றின்போது பேச்சி, குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னதும் ஜெபசெல்வி எடுத்த கவளத்தைக் கீழே வைத்தாள்.

"அடிக்கடி இப்படி விட்டுட்டு வாரியா?"

"விட்டுட்டெல்லாம் வரலக்கா. அது கம்பி முறிஞ்சது. தூக்கிச் சுமக்கச் சடவா இருந்துச்சு, வேணும்னேதான் சீட்டுக்கடியில தள்ளிவிட்டேன். என்ன இப்படி முழிக்கிய?"

"இல்ல, சும்மா. நம்ம பால்துரை மவ கல்யாணம் எப்ப நடந்துச்சு? மூணு வருஷம் இருக்கும்லா?"

"நாலு முடிஞ்சு அஞ்சு. தை மாசம். நீங்க அந்த மயில்கழுத்துப் பட்டு கட்டியிருந்திய, பந்தியில சாம்பார ஊத்திட்டான்னு ரெண்டு நாள் பொலம்புனிய. மறந்துட்டியளா?"

ஜெபசெல்விக்கு மயில்கழுத்துப் பட்டு நினைவிருந்தது, சாம்பார் நினைவில்லை. ஆனால் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பேச்சி சரியாகச் சொல்கிறாளே என்ற சந்தோஷம்தான் அவளுக்கு. ஜெபசெல்வியின் டப்பாவிலிருந்து ஒரு வாய் சோறு எடுத்து வைத்த பேச்சி முகத்தைச் சுளித்தாள். "இன்னைக்கும் உப்ப ரெண்டு தடவ போட்டுட்டிய போல. ஒங்களுக்கு என்னமோ ரோசனை ஓடுது. மவன் எதுவும் சொன்னானா?"

"அவன் என்ன சொல்லப்போறான், பெங்களூருல நல்லா இருக்கான்."

"அப்ப சரி. வெள்ளிக்கெழம நீங்கதான் சாட்சிக் கையெழுத்து, பாத்துக்கிடுங்க. புள்ளைக்கு ஒரு கவுனு எடுத்து வெச்சிருக்கேன். பள்ளிக்கூடமும் பேசியாச்சு. அவ பத்தாப்பு முடிக்கும்போது நான் ரிடயர் ஆவேன், கணக்காப் போச்சு." பேச்சி சிரித்தாள்.

சொன்னால் விதியை மீறின பாவம், வேலையும் போகலாம். அதைவிட, ஒருத்தியின் தலையில் தேதியைத் தூக்கிப் போட்ட பாவம். சொல்லாவிட்டால் ஒரு குழந்தை. புதன்கிழமை முழுவதும் இதையே போட்டு உருட்டினாள். வியாழக்கிழமை காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது நாலாம் நம்பர் திரையில் கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள், நீண்ட நேரம் கழித்து ஒரு டப். எங்கேயோ தூரத்தில், கதவு தெரியாமல் யாரோ சுவரைத் தட்டுவது போல இருந்தது. அவள் தட்டை எடுத்துச் சிவப்பு வாளியில் வைத்தாள். வாளியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கீழ்த்தளத்தில் ஆட்டோகிளேவ் அப்போதுதான் ஒரு சுற்று முடித்துச் சீறிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஈரச் சூடு. பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எதுக்குக்கா சுமந்துட்டு வாரிய, கூப்பிட்டா நான் வரமாட்டனா?" என்று வாளியை வாங்கப் போனாள். ஜெபசெல்வி கொடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஏட்டி, கதவச் சாத்து. உக்காரு."

"என்னக்கா?"

"நான் சொல்லக்கூடாததச் சொல்லப்போறேன். கேட்டுட்டு என்னை வையணும்னா வை. இது நாலாம் நம்பர் தட்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால கேண்டீன்ல ரத்தம் எடுத்தாங்க இல்லையா, அதுலேர்ந்து வந்தது."

பேச்சியின் முகம் மாறியது. அதைப் பார்த்து ஜெபசெல்வி வேகமாகப் பேசினாள், நின்றால் சொல்ல முடியாது என்று பயந்தவளாக. அவசரம் என்ன செய்யும், ஒரு நாளுக்கு ஒரு வருஷம், முப்பத்தொரு நோயாளிகள், எட்டு உருண்டை, ஐம்பத்து மூன்றாம் நாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நாலாவது நாற்காலியில உக்காந்தது நீதான் பேச்சி. ஒனக்கு இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு. நாளைக்கு நீ அந்தப் புள்ளைக்குக் கையெழுத்துப் போடப் போற. என்னால சொல்லாம இருக்க முடியல, மன்னிச்சுக்கோ" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பேச்சி வாளியைப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் ஜெபசெல்வி நினைத்தாள். இல்லை, அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா! எம்மா, உசுரே போயிட்டு! அது என் ரத்தம் இல்லக்கா!"

"என்ன?"

"நான் அன்னைக்கு ரத்தமே குடுக்கல. எனக்கு ஊசின்னா பயம், சின்னப் புள்ளைலேர்ந்தே. நீங்க எந்திரிச்சு ஓடிட்டிய, ஏதோ இன்குபேட்டர் மணி அடிக்குதுன்னு. நான் உக்காந்தேன். நர்ஸம்மா ஊசிய எடுத்தா, எனக்குக் கண்ணு ரெண்டும் இருட்டிட்டு. வேண்டாம்மா, விட்டுருங்கன்னு காலப் பிடிக்காத கொறை. அவ பாத்தா. ஆறு ஸ்டிக்கருக்கு ஆறு டியூப்பு கணக்குக் காட்டணும்னா. முன்னால எடுத்ததுல ஒரு டியூப்பு கூடுதலா நெறச்சு வெச்சிருந்தா. இதுவும் பொம்பள ரத்தம், நல்ல ரத்தம், என்ன இப்பன்னு என் நாலாம் நம்பர் ஸ்டிக்கர எடுத்து அதுல ஒட்டிட்டா. யார்கிட்டயும் சொல்லிராதன்னும் சொன்னா. குடுக்காத ரத்தத்துக்கு ஜூஸக் குடிச்சுட்டமேன்னு எனக்கு எத்தன நாள் உறுத்தல் தெரியுமா? இன்னைக்குத்தான் அது எறங்குச்சு. ஆண்டவனே, என் புள்ளைய என்கிட்டயே குடுத்துட்டியே!"

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

ஜெபசெல்விக்கும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. சுத்தமான சந்தோஷம். அது எத்தனை நொடி இருந்தது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. முன்னால் எடுத்தது என்றால் மூன்றாவது நாற்காலி. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவள், இரண்டு டியூப் நிறைத்தாலும் சரி, எனக்கு ரத்தம் நிறைய இருக்கிறது என்று கேலி பேசிவிட்டு, மணி அடிக்கிறதே என்று ஓடியவள். அவளுக்குப் போன மார்கழியில் ஐம்பத்திரண்டு முடிந்தது.

அன்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மறதி நோய் உண்டா? இல்லை என்று எழுதியிருந்தாள். பொய் சொல்லவில்லை. அவளுடைய அப்பா லாரி அடித்துச் செத்தவர், அது வியாதி இல்லையே. ஐம்பத்து நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி, கையில் பைபிளோடு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்குக் கிளம்பினார். நாலு கிலோமீட்டர் தள்ளி பைபாஸில் கிடந்தார். அங்கே எதற்குப் போனார் என்று அம்மா சாகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது, இந்த ஈரச் சூட்டில் நின்றுகொண்டு, ஜெபசெல்விக்குத் தெரிந்தது. அப்பா எங்கேயும் போகவில்லை. கோயிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது என்றால் அவளிடமிருந்து பெங்களூருக்கும் போயிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தக் கணக்கை நோயாளிகளின் வீட்டாருக்கு அவளே எத்தனையோ தடவை நிதானமாக விளக்கியிருக்கிறாள்.

"எக்கா, என்ன பேச்சே காணும்? சந்தோசப்படுங்கக்கா" என்று பேச்சி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். பிடித்த கை மெல்ல நின்றது. பேச்சி நான்கு நாற்காலிகளையும் மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறாள் என்று ஜெபசெல்விக்குத் தெரிந்தது. தடுக்க வழியில்லை.

"எனக்கு முன்னால உக்காந்தது..." என்றாள் பேச்சி.

"பூஞ்சை பிடிச்சதா இருக்கும். விடு."

"நீங்கல்லா."

"விடுன்னு சொல்லுதேன்லா."

ஆட்டோகிளேவ் கடைசிச் சீறல் சீறி அடங்கியது. பேச்சி மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து, தன் முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, ஜெபசெல்வியின் மூக்கில் மாட்டிவிட்டாள். "இந்த வாரத்துல மூணு தடவ இத இங்கன வெச்சுட்டுப் போய்ட்டிய" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது போல் இருந்தது. அவள் முகம் அப்படியே கோணியது. "நான் மட்டும் அன்னைக்கு அந்த ஊசியப் போட்டிருந்தா ஒங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காதே" என்று தேம்பினாள்.

"தெரியலைன்னா வராம இருந்திருக்குமா?"

"வரட்டுமே. வார வரைக்கும் நிம்மதியா இருந்திருப்பியளே."

திங்கள் காலையிலிருந்து இந்த நிமிஷம் வரை ஜெபசெல்வி வேறொருத்திக்காகப் பயந்துகொண்டிருந்தாள். அந்த நாலு நாளும் எவ்வளவு நல்ல நாட்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

பேச்சி சட்டென்று கண்ணைத் துடைத்தாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் தள்ளிக் கையை நீட்டினாள். நரம்பு புடைத்த, சோப்புத் தண்ணீரில் வெளுத்த கை. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எடுங்க. என் ரத்தத்தையும் எடுத்து அவசரம் போட்டுப் பாருங்க. நாளைக்கு ஒரு புள்ளைக்குக் கையெழுத்துப் போடுதேன். எனக்கும் தெரியணும்."

மேலே பிப்பெட் இருந்தது, ஊசி இருந்தது, குளிர்பெட்டியில் கே-40 இருந்தது. எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. ஜெபசெல்வி அந்தக் கையைப் பார்த்தாள். பகீரதன் சொன்னது நினைவு வந்தது. அவர்மேல் இருந்த கோபமும் போயிருந்தது. அவள் பேச்சியின் ரவிக்கைக் கையைக் கீழே இறக்கி, மடிப்பை நீவிவிட்டாள்.

"வேண்டாம். நீ தெரியாமயே புள்ளைய வளத்துக்கோ."

"அக்கா..."

"நீயாவது தெரியாம இருடி. எனக்காக."

பேச்சி குனிந்து சிவப்பு வாளிக்குள் கைவிட்டு நாலாம் நம்பர் தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். "இத நான் வேக வைக்க மாட்டேன். யார் வந்து சொன்னாலும் சரி. கொண்டுபோய் இருந்த எடத்துலயே வைங்க" என்று நீட்டினாள். ஜெபசெல்வி வாங்கிக்கொண்டாள். தட்டு இளஞ்சூடாக இருந்தது. மூடிக்குள் எட்டு விதைகள் ரோஸ் நிற நீரில் அசையாமல் கிடந்தன. இதை மேலே கொண்டு போனால் பகீரதன் கேட்பார், நிலோபர் கேட்பாள். கேட்கட்டும். நம்பரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கதவு வரைக்கும் போனவள் நின்று திரும்பினாள்.

"ஏட்டி, நாளைக்குக் கோர்ட்டுக்கு எத்தன மணிக்கு வரணும்?"

பேச்சி காலையில் கேட்டிலேயே சொல்லியிருந்தாள். பத்து மணி என்றும், பால்துரை வேனிலேயே வந்துவிடலாம் என்றும், இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஜெபசெல்வியும் இரண்டு தடவை தலையாட்டியிருந்தாள். அது பேச்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜெபசெல்விக்குத் தெரிந்தது.

"பத்து மணிக்குக்கா" என்றாள் பேச்சி, முதல் தடவை சொல்வது போல. "நீங்க ஞாபகம் வெச்சுக்கிட வேண்டாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."